நாலாவது இன்ஜின்

3 பிப்ரவரி 2025, திங்கள். காலை 10.20. எண்ணிக்கை: நான்கு.

நாலாவதும் வந்துவிட்டது. குட்டியானை வேனில் போட்டு, பழைய வலையால் கட்டிக் கொண்டுவந்தார்கள். அதே மாடல் படகு இன்ஜின், நூற்றைம்பது குதிரைத்திறன். பரங்கிப்பேட்டைப் பக்கத்து அதே மீனவக் குப்பம். அதே சாவு: சூடேறி, பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டது. வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

சொந்தக்காரர் காத்தவராயன். 'ஓடிக்கிட்டே இருந்துச்சு சாரு, டொக்குனு நின்னுபோச்சு' என்றார். எந்த இன்ஜினும் டொக்கென்று நிற்காது. சூடேறினால் இது முதலில் பஸ்ஸர் அடித்துக் கத்தும். பிறகு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறி எப்படிச் சாகும்?

'கத்துச்சா?' என்று கேட்டேன்.

'கத்தவே இல்ல சாரு.'

முந்தைய மூன்று பேரும் இதையேதான் சொன்னார்கள். பொய்யைக்கூட ஆளுக்கொன்றாகச் சொல்லத் தெரியவில்லை.

'உப்பு அடைச்சிருக்கும்னு எழுதிப்போட்டு அடுத்த வேலயப் பாரு' என்கிறார் முதலாளி ஞானராஜ் அண்ணன். மூன்றுக்கும் அப்படித்தான் எழுதினேன். இதைப் பிரித்துப் பார்க்காமல் எழுத மாட்டேன்.

4 பிப்ரவரி

பிரித்தேன். உப்பு இல்லை. தண்ணீர் பம்ப் புதுசு போல இருக்கிறது. ஆயில் சரி.

வெப்பத்தை அளக்கும் சென்சாரின் வயரைப் பார்த்தேன். வெட்டி, நடுவில் ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்து, மேலே கறுப்பு உறை போட்டு மூடியிருக்கிறார்கள். உள்ளே எவ்வளவு கொதித்தாலும் 'எல்லாம் சரி' என்றே இன்ஜினுக்குத் தகவல் போகும். கத்தாது. வேகம் குறையாது. ஓடி ஓடியே சாகும்.

பின்கொட்டகையில் கிடக்கும் மற்ற மூன்றையும் திறந்தேன். மூன்றிலும் அதேதான்.

முட்டாள்தனம்! உயிர் காக்கும் வயரை வெட்டிவிட்டு, கத்தவே இல்லை என்று என்னிடமே வந்து சொல்கிறார்கள். சாயங்காலமே அறிக்கை எழுதிவிட்டேன்: 'பாதுகாப்பு அமைப்பை உரிமையாளரே சிதைத்துள்ளார். வாரண்டி பொருந்தாது.' அண்ணன் படித்தார். எனக்கு ஒரு டீ சொன்னார். கம்பெனிக்கு மெயிலில் அனுப்பிவிட்டேன்.

5 பிப்ரவரி

வெட்டியது சரி. ஆனால் இன்ஜின் சூடேறியது எதனால்? வயரை வெட்டினால் சூடு தெரியாமல் போகுமே தவிர, சூடு உண்டாகாதே.

7 பிப்ரவரி, வெள்ளி

காத்தவராயன் மனைவி எழிலரசி அக்கா நேராகப் பட்டறைக்கு வந்துவிட்டார். கையில் கம்பெனியின் மறுப்புக் கடிதம்.

'இன்னா எழுதி வெச்சிருக்கற தம்பி? எங்கூட்டு ஆம்பளைக்கு டிவி ரிமோட்டுல பேட்டரி மாத்தத் தெரியாது. அவரா உம் மிஷினுக்குள்ள பூந்து வயர வெட்டுனாரு?'

வேறு யாராவது வெட்டியிருப்பார்கள் என்றேன்.

'அந்த வேற யாரு யாருன்னு கண்டுபுடிக்கத்தான உன்னப் படிக்க வெச்சாங்க?'

ஞானராஜ் அண்ணன் கண்ணாடி அறைக்குள்ளிருந்து வெளியே வரவே இல்லை. போகும்போது அக்கா, 'போட்டு கரையில கெடக்குது. அந்தாளு கூலிக்கு வல இழுக்கப் போறாரு' என்றார். நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே துடைத்த ஸ்பேனர்.

9 பிப்ரவரி, ஞாயிறு, சிதம்பரம்

அம்மா கொத்சு வைத்தாள். சாப்பிட விடாமல் மிக்ஸி வயர் அறுந்துவிட்டது என்று கொண்டுவந்து வைத்தாள். பற்றவைத்தேன். மூட உறை வேண்டும். பையில் பட்டறையிலிருந்து எடுத்த துண்டு கிடந்தது. மாட்டினேன், சூடு காட்டினேன், சுருங்கிப் பிடித்துக்கொண்டது.

கறுப்பு உறை. ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடு.

நான்கு இன்ஜினிலும் இருந்தது இதே கோடுதான். இந்த உறை கடையில் கிடைக்காது. கம்பெனி சர்வீஸ் பெட்டியில் மட்டும் வரும். இந்த மாவட்டத்தில் அந்தப் பெட்டி இருப்பது ஒரே இடத்தில்.

'இன்னாடா, வயரையே வெறிச்சிப் பாக்கற?' என்கிறாள் அம்மா.

10 பிப்ரவரி

உறையை அண்ணன் மேசையில் வைத்தேன்.

'நாந்தான் வெச்சேன். இப்போ இன்னா?' என்றார்.

நான் கத்தினேன். நான் முழுதாகக் கத்தி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார். மூன்று வருடத்துக்கு முன்னால் இவர் விற்ற முதல் பெரிய இன்ஜின். அன்பரசு என்ற பையன் ஓட்டிவந்தான். ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில், பின்னால் அலை துரத்தும்போது, இன்ஜின் கத்தித் தானாக வேகத்தைக் குறைத்தது. அலை படகைப் புரட்டிவிட்டது.

'இன்ஜின் பொழைச்சிச்சி. பையன் பொழைக்கல. அதுலேர்ந்து விக்கிற ஒவ்வொண்ணுலயும் ரெசிஸ்டர் வெச்சித்தான் குடுக்கறேன்.'

'அப்போ அவுங்க மேல ஏன் பழியப் போட்டோம்?'

'எழுதுனது நீ. நான் நிறுத்தல. தெரிஞ்சா ஏஜென்சி போயிடும்டா.'

அலை என்பதெல்லாம் சாக்கு என்றேன்.

'கரையில நின்னு பேசாத. போய்ப் பாரு.'

12 பிப்ரவரி

போய்ப் பார்த்தேன்.

காத்தவராயன் படகில் பட்டறையில் காட்சிக்கு வைத்திருக்கும் அதே மாடல் இன்ஜினை மாட்டினோம். ரெசிஸ்டர் இல்லை, எல்லா வயரும் கம்பெனி போட்டபடி. போகும்போது ஒன்றுமில்லை. திரும்பும்போது முகத்துவாரத்தில் மணல்திட்டு. அலை பின்னாலிருந்து எழுந்து படகின் பின்பக்கத்தைத் தூக்கியது. இன்ஜினிலிருந்து பீய்ச்சிக்கொண்டு வரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன் — குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அது நின்றது. வந்தது. மறுபடி நின்றது. இன்ஜின் கத்தியது. வேகம் விழுந்தது.

அவ்வளவுதான். படகு பக்கவாட்டில் திரும்பிவிட்டது. 'புடி! புடி!' என்றார் காத்தவராயன், எதை என்று சொல்லவில்லை. முழங்கால்வரை தண்ணீர். எனக்கு நீச்சல் தெரியாது. கடவுளைக்கூட நினைக்கவில்லை, அந்த பஸ்ஸரை உடைக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அடுத்த அலை எங்களைத் திட்டில் கொண்டுபோய்ச் சொருகியது.

வாந்தி எடுத்து முடித்து நிமிர்ந்தேன்.

'இப்போ கத்துச்சா சாரு?' என்றார் காத்தவராயன்.

13 பிப்ரவரி

நான்கு படகுகளையும் டேப் வைத்து அளந்தேன். நான்கிலும் இன்ஜின் உட்காரும் இடத்தில் ஒரு பலகை. திட்டில் விசிறி இடிக்கிறது என்று இவர்களே தூக்கி வைத்திருக்கிறார்கள். 'இன்ஜின்ல கையே வெக்கல, பலகதான வெச்சோம்' என்கிறார்கள். தூக்கியதால் தண்ணீர் இழுக்கும் துளையும் மேலே வந்துவிட்டது. அலை தூக்கும்போதெல்லாம் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கிறது. சூடு அங்கேதான் பிறக்கிறது. ரெசிஸ்டர் அதை மறைத்தது.

பலகை வைத்தது அவர்கள். ரெசிஸ்டர் வைத்தது அண்ணன். இரண்டையும் பார்க்காமல் மூன்று முறை உப்பு என்று எழுதியது நான்.

15 பிப்ரவரி, சனி

புது அறிக்கையை நேற்று அண்ணன் மேசையில் வைத்துவிட்டுப் போனேன். யார் எதை வைத்தார்கள், ஏன் வைத்தார்கள், எல்லாம் இருக்கிறது. அன்பரசுவும் இருக்கிறான். கையெழுத்துப் போடச் சொல்லிக் கேட்கவில்லை. என் பெயருக்குக் கீழே கொஞ்சம் இடம் மட்டும் விட்டிருந்தேன்.

காலையில் வந்து பார்த்தேன். போட்டிருக்கிறார். பட்டறை முத்திரையோடு. டீ சொல்லவில்லை.

இனி:

1. அறிக்கையை இன்றே அனுப்பு. மறுபடி படித்துப் பார்த்து மென்மையாக்காதே.
2. தண்ணீர் இழுக்கும் துளையை இன்னும் கீழே இறக்கும் பாகம் இந்த மாடலுக்கு வருமா, கேள். வராவிட்டால் லேத்தில் செய்.
3. தனி வெப்பமானி, தனி பஸ்ஸர். அது கத்தட்டும், வேகத்தைத் தொடக்கூடாது. குறைப்பதா வேண்டாமா என்பது ஓட்டுகிறவர் முடிவு.
4. நீச்சல். கற்றுத்தருகிறேன் என்று காத்தவராயன் கிண்டலாகத்தான் கூப்பிட்டார். பரவாயில்லை, போ.
5. அதற்கு முன்னால் எழிலரசி அக்கா வீடு. போனில் சொல்லாதே. வாசலில் நின்றுகொண்டே சொன்னாலும் சரி: வயரை அவர் வெட்டவில்லை அக்கா.