அறுப்பின் பண்டிகையில் நான் சொன்ன சாட்சி

சூலூர்,
அக்டோபர் 11, சனிக்கிழமை.

பிரியமுள்ள மகள் கிளாடிசுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் அப்பாவின் அன்பும் முத்தங்களும். இங்கே நானும் அம்மாவும் ஆண்டவர் தயவால் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அம்மாவுக்கு முழங்கால் வலி முன்போலத்தான், எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அயர்லாந்தில் நீயும் கிறிஸ்டோ மாப்பிள்ளையும் குட்டி ஆஷ்லியும் நலமாயிருக்கத் தினமும் பெயர் சொல்லி ஜெபிக்கிறோம். வழக்கமாக இந்த இடத்தில் அத்தையும் சுகம் என்று ஒரு வரி எழுதுவேன். இன்று எழுத முடியவில்லை கண்ணு. போனில் சொல்லிவிடலாம் என்று நேற்று இரண்டு தடவை உன் நம்பரை எடுத்தேன், உன் குரலைக் கேட்டதும் மறுபடி எதையாவது பூசி மெழுகிவிடுவேனோ என்று பயந்து வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம், பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், டூட்டி முடிந்து உட்கார்ந்து படி.

கிருபா அத்தைக்குக் கணையத்தில் இருந்த புற்று ஈரலுக்குப் பரவிவிட்டது. இனி கீமோ வேண்டாம், வலியில்லாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம் என்று டாக்டர் வரலட்சுமி சொல்லிவிட்டார். எத்தனை நாள் என்று கேட்டேன், "கிறிஸ்துமஸ் வரைக்கும்னு எதையும் தள்ளிப்போடாதீங்க சார்" என்றார். கிறிஸ்துமஸுக்கு வந்தால் போதும் என்று உன்னிடம் சொன்ன வாய் இது. நீ செப்டம்பருக்கு டிக்கெட் போட்டிருந்தாய், அத்தை சுகமாகிவிட்டாள், டிசம்பரில் வா, அவளே உனக்குக் கேக் செய்து தருவாள் என்று கேன்சல் செய்யச் சொன்னது நான். நீ நர்ஸ், ஸ்கேன் ரிப்போர்ட்டை அனுப்புங்கப்பா என்று மூன்று தடவை கேட்டாய். விசுவாசிக்கிறவனுக்கு ரிப்போர்ட் எதற்கு என்று பெரிய தீர்க்கதரிசி மாதிரி பேசினேன். அப்போது ஸ்கேனே எடுத்திருக்கவில்லை, அதைத்தான் உன்னிடம் மறைத்தேன்.

நடந்தது இதுதான். ஜூலையில் கடைசி கீமோ முடிந்து அத்தை இரண்டு இட்லி கேட்டுச் சாப்பிட்டாள், முகத்தில் கொஞ்சம் களை வந்தது, ரத்தப் பரிசோதனையும் முன்னைக்கு இப்போது தேவலை என்றார்கள். டாக்டர் சொன்னது, குறைந்த மாதிரி தெரிகிறது, ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும்தான். எனக்கு அந்த முதல் பாதியே போதுமாக இருந்தது. ஆகஸ்டில் நம் சபையின் அறுப்பின் பண்டிகை. நம் தோட்டத்து வாழைத்தாரைத் தோளில் வைத்துக்கொண்டு போய்ப் பீடத்துக்கு முன்னால் இறக்கினேன், சாட்சி சொல்கிறவர்கள் வரலாம் என்று ஆயர் கூப்பிட்டதும் முதல் ஆளாக எழுந்தேன். உன் அம்மா என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள், அதையும் பொருட்படுத்தவில்லை. மைக் கைக்கு வந்தால் உன் அப்பா எப்படி ஆகிவிடுவான் என்று உனக்குத் தெரியும். என் தங்கையை ஆண்டவர் பூரண சுகமாக்கிவிட்டார் என்று சொல்லி அவளையும் எழுப்பி நிற்கவைத்தேன். சபை முழுக்க அல்லேலூயா என்றது. அத்தை சிரித்தபடி நின்றாள். அடுத்த வாரத்திலிருந்து உடம்புக்கு முடியாதவர்கள் அவள் கையைத் தலையில் வைத்து ஜெபிக்கச் சொல்லி வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள், எனக்கு ஒரே பெருமை. சாட்சி சொல்லிவிட்டு ஸ்கேனுக்குப் போனால் ஆண்டவரையே சோதித்துப் பார்க்கிற மாதிரி ஆகும் என்று அதை நானே தள்ளிப்போட்டேன்.

ஏழு வாரம் கண்ணு. ஏழு வாரமும் அவளுக்கு வலி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள எனக்கு மனமில்லை என்பதுதான் சரி. பக்கத்து வீட்டுக் கருப்பாத்தாள்தான் ஒரு நாள் காலையில் வாசலில் வந்து நின்று, "ஏனுங்க சார், அந்த அம்மணி தொவைக்கற கல்லுகிட்ட உக்காந்து துண்டக் கடிச்சுட்டு அழுவுதுங்க, நீங்க ஊட்டுக்குள்ள பாட்டுக் கேட்டுட்டு இருக்கறீங்களே" என்று சத்தம் போட்டாள். அன்றைக்கே கோயமுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். இவ்வளவு நாள் ஏம்மா சொல்லவில்லை என்று டாக்டர் கேட்டதற்கு அத்தை சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "அண்ணன் சபையில சாட்சி சொல்லிப்போட்டாருங்க டாக்டர், நான் வலிக்குதுன்னு சொன்னா அவரு பொய் சொன்ன மாதிரி ஆயிருமுங்க." டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நோய் எப்படியும் பரவித்தான் இருக்கும், அது உங்கள் தப்பு இல்லை, ஆனால் வலியை நிறுத்தியிருக்கலாம் என்றார். முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு வருகிற பழக்கம் இந்தத் தடவை எனக்குக் கைகொடுக்கவில்லை.

இதைச் சபையில் சொல்ல வேண்டும் என்று ஆயரிடம் போனேன். நல்ல மனுஷன், உங்கள் வேதனை புரிகிறது, ஆனால் பலவீனமானவர்களுடைய விசுவாசம் ஆடிப்போகும், விட்டுவிடுங்கள் என்றார். எனக்கும் அப்படியே விட்டுவிடத்தான் ஆசை, பொய் சொல்லவில்லை. ஆனால் வலிக்கு மாத்திரை கொடுத்தால்கூட அத்தை யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டாள். அதற்கு மேல் பொறுக்கவில்லை. போன ஞாயிறு ஆராதனை முடிகிற நேரத்தில் எழுந்தேன், மைக் கேட்கவில்லை. என் தங்கை சுகமாகவில்லை, ஆண்டவர் சொல்லாததை நான் அவர் பேரில் சொல்லிவிட்டேன், அவள் வலியில்லாமல் போக ஜெபியுங்கள் என்றேன். யாரும் ஆமென்கூடச் சொல்லவில்லை. இரண்டு பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை, அது நியாயம்தான். ஆனால் திங்கட்கிழமையிலிருந்து சபை மாதர் சங்கத்துப் பெண்கள் முறை போட்டு வருகிறார்கள், தலை வாரிவிடுகிறார்கள், கஞ்சி புகட்டுகிறார்கள், அத்தையும் ஐயோ அம்மா என்று வாய்விட்டு முனகுகிறாள். அந்தச் சத்தம் கேட்க எனக்கு நிம்மதியாக இருக்கிறது என்றால் நீ என்ன நினைப்பாயோ.

என்னால்தான் ஜெபிக்க முடியவில்லை. வியாழக்கிழமை அவளே, "அண்ணா, மைக் இல்லாம ஒரு ஜெபம் பண்ணுங்க பாக்கலாம்" என்று கேலி செய்தாள். கட்டிலோரம் மண்டியிட்டேன், அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் அவளே எனக்காக ஜெபித்தாள். மாத்திரை மயக்கத்தில் சில நேரம் வால்பாறைக்குப் போய்விடுகிறாள். அங்கே எஸ்டேட் பள்ளியில் டீச்சராக இருந்துகொண்டு உன்னை ஐந்தாம் வகுப்புவரை வளர்த்தாளே, அந்த நாள்களுக்கு. நேற்று, "கிளாடிஸ் பஸ்ல வாரா, வளைவுல வாந்தி எடுப்பா, எலுமிச்சம்பழம் எடுத்து வெய்யுங்க" என்றாள். தலையணைப் பக்கத்தில் ஒன்று வைத்திருக்கிறேன்.

உடனே புறப்பட்டு வா அம்மணி. குளிருக்கான துணியைச் சுமந்து வராதே, ஆஷ்லிக்குக் கொசுவலை இங்கே இருக்கிறது. அப்பாவை மன்னி என்று இந்தக் கடிதத்தில் கேட்கமாட்டேன், அதை நேரில் கேட்கிறேன். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன்னை நேரத்தோடு கொண்டுவந்து சேர்ப்பாராக.

ஒன்றை மட்டும் மறக்காதே. ஆகஸ்டில் நீ வீடியோ காலில், அத்தை வலிக்குதா என்று கேட்டாய். அவள் வாய் திறப்பதற்குள் நான் போனை என் பக்கம் திருப்பிக்கொண்டு, வலியெல்லாம் ஓடிப்போச்சு என்றேன். அவள் அன்றைக்கு என்ன சொல்ல வந்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீ வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து அதையே திரும்பக் கேள். நான் வெளியே நிற்கிறேன்.

அன்பு அப்பா,
ஞானாபரணம்