சமையலறைக் கூரையில் சிவப்பு

கீலுங்
ஞாயிறு மத்தியானம்

அன்பு மகள் யுன்-சிக்கு அப்பா எழுதிக்கொள்வது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, ரத்த அழுத்தமும் மாத்திரைக்கு அடங்கித்தான் நிற்கிறது, நீயும் மாப்பிள்ளையும் அந்தப் பெர்கன் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே பதினேழு நாளாக விடாத மழை. துறைமுகம் மூடுபனிக்குள் போய்விட்டது, கப்பல் கண்ணுக்குத் தெரிவதில்லை, ஊதல் மட்டும் எங்கிருந்தோ வருகிறது, துவைத்த துணி மூன்று நாளானாலும் காய்வதில்லை. போன வாரம் நீ போனில் அப்பா குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய், தொண்டை கட்டியிருக்கிறது என்று சொன்னேன். தொண்டையெல்லாம் கட்டவில்லை. சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது, போனில் வாய் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். பொறுமையாகப் படி.

ஏழாம் மாதத்திலிருந்து நம் குளியலறைச் சுவருக்குள் ஒரு சத்தம். கழிப்பறையில் தண்ணீர் ஊற்றினால் அது போய் முடிந்த பிறகும் குளக் குளக் என்று யாரோ மெதுவாக விழுங்குகிற மாதிரி கேட்கும், நின்றுபோகும், பிறகு மறுபடி கேட்கும். உன் அம்மா போன பிறகு மத்தியானத் தூக்கத்துக்கு நான் அந்தச் சுவரை ஒட்டிப் பிரம்பு நாற்காலியைப் போட்டுக்கொள்கிறேன் அல்லவா, அந்தச் சத்தம் எனக்குப் பிடித்துப்போயிற்று. இழுவைப் படகில் எஞ்சின் அறையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவன், இரும்புக்கு அந்தப் பக்கம் தண்ணீர் உரசுகிற சத்தத்தில் தூங்கிப் பழகியவன். கண்ணை மூடினால் இந்த வீடே கயிற்றை அவிழ்த்துக்கொண்டு புறப்படுவது போல இருக்கும், சந்து முழுக்க அசையும், மாடிப்படிகள் அலையில் ஏறி இறங்கும், நான் எழுந்திருக்காமலே அலைதடுப்புச் சுவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பேன், எங்கே பார்த்தாலும் வெள்ளையாகப் பனி, எனக்கு ஒரு கவலையும் இருக்காது. விழிக்கும்போது நாலு மணி ஆகியிருக்கும். இப்படியே ரெண்டு மாதம் போயிற்று.

ஆனால் நான் எஞ்சின்காரன், யுன்-சி, எனக்குத் தெரியாமலில்லை. முதலில் ஒரு வாடை, மழை வாடை என்று நினைத்துக்கொள்ளலாம் போல லேசாக. பிறகு தரை வடிகாலைச் சுற்றி மிளகில் பாதி கூட இல்லாத கறுப்புப் பூச்சிகள், எத்தனை அடித்தாலும் மறுநாள் அதே அளவு. கழிப்பறைப் பீங்கான் தொட்டியில் தண்ணீர் யாரும் தொடாமலே இறங்கியது. ஒருநாள் தொட்டியில் கைவைத்து அழுத்தினேன், அசைந்தது. முழங்கால் போட்டு அடியில் விரல் விட்டேன், ஈரம். விரலை முகர்ந்து பார்த்தேன், அதற்கு மேல் சந்தேகப்பட ஒன்றுமில்லை. எழுந்துபோய் என்ன செய்தேன் தெரியுமா, வெள்ளை சிமெண்டைக் குழைத்துத் தொட்டியைச் சுற்றி ஒரு இடுக்கு விடாமல் அடைத்துப் பூசினேன். ரெண்டு நாளில் வாடை நின்றுவிட்டது. கெட்டிக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். மேலே வர வழியில்லாமல் அடைத்தால் அது கீழேதான் போகும் என்பதை நான் யோசிக்காமல் இல்லை, யோசிக்க வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன்.

கீழே யார் இருக்கிறார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் விட்டு நனைந்து வருகிற உன்னை உள்ளே இழுத்துத் தலை துவட்டிவிட்டு, கையில் ஒரு கிண்ணம் சேப்பங்கிழங்கு உருண்டை கொடுத்து உட்காரவைப்பாளே, அதே அ-ஹூன். இப்போதும் விடிகாலையில் கிழங்கை வேகவைத்துப் பிசைந்து உருட்டிச் சந்தையில் கடை போடுகிறாள், அவளுக்கு வேறு வருமானமும் கிடையாது. ஒன்பதாம் மாதம் அவள் மேலே வந்து, அண்ணே, என் சமையக்கட்டுக் கூரையில வட்டமா கறை விழுந்திருக்கு, உங்க குளிக்கிற ரூமுக்கு நேர் கீழே, கொஞ்சம் பாக்கறீங்களா என்று மரியாதையாகத்தான் கேட்டாள். இந்த ஊர்ல மழையைக் கேளு, என்னைக் கேக்காதே என்று சிரித்து அனுப்பிவிட்டேன். அவள் என்ன செய்தாள் என்றால் ஏணி போட்டு ஏறிக் கறையின் ஓரம் நெடுகப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவிட்டாள். அடுத்த மாதம் அதிசயமாக ஆறு நாள் வெயில் அடித்தது, அந்த ஆறு நாளும் கறை கோட்டைத் தாண்டி வளர்ந்தது, அவளும் ஒவ்வொரு தடவையும் புதுக் கோடு போட்டாள். பிறகு நான் தைச்சுங்கில் தம்பி வீட்டுக்கு நாலு நாள் போனேன், அந்த நாலு நாளும் இங்கே மழை, ஆனால் கறை ஒரு நூல் கூட நகரவில்லை. நான் திரும்பி வந்த அன்றைக்கே படியேறி வந்தாள். அண்ணே, மழை உங்க கூட தைச்சுங்குக்கு டூர் வந்துச்சா என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷம் கப்பல் குழாய் பாத்தவனுக்கு நீ பாடம் எடுக்கிறியா, போய்க் கிழங்கை உருட்டு என்று சொல்லிவிட்டேன். ஆமாம், நான்தான் சொன்னேன். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அதற்கப்புறம் கீழே கிழங்கு வேகிற வாசனை நின்றது. கதவு சாத்தியே இருந்தது. நானும் போய்த் தட்டவில்லை, மத்தியானத்தில் தூங்கினேன், கனவில் அலைதடுப்பைத் தாண்டினேன், ஆனால் அந்தப் பக்கம் பனி விலகவே இல்லை, எந்தத் திசையில் போகிறேன் என்றும் தெரியவில்லை. ஒன்பது நாள் கழித்துச் சந்தைக்கு மீன் வாங்கப் போனபோது கீரைக்காரி என்னைக் கூப்பிட்டு, அ-ஹூன் அக்காவுக்கு முட்டிவலி எப்படி இருக்கு, இத்தனை நாள் கடைய மூடினதே இல்லியே, நீங்களாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகக்கூடாதா என்று கேட்டாள். அ-ஹூனுக்கு முட்டிவலி கிடையாது. மீனை வாங்காமலே வந்து அவள் கதவைத் தட்டினேன். சமையலறையில் அடுப்பு அணைந்து கிடந்தது, தட்டுகளையெல்லாம் கவிழ்த்து வைத்திருந்தாள், கூரைக்கு நேர் கீழே ஒரு வாளி. உருட்டி வைத்த ஒரு தட்டு உருண்டைகள் மேல் கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்ததாம். அந்தத் தட்டை மட்டும் இல்லை, அன்றைக்குச் செய்தது மொத்தத்தையும் கொட்டிவிட்டுக் கடையை மூடியிருக்கிறாள். ஏன் ஊரில் முட்டிவலி என்று சொன்னாய் என்றேன். பின்ன, சாக்கடை சொட்டுதுன்னு சொல்லச் சொல்றீங்களா, அப்புறம் யாரு என் கையால வாங்கித் தின்னுவா, உங்க பேரும்தான் நாறும் என்றாள். நான் அங்கேயே நின்று குழாய் ரிப்பேர் பார்க்கிற லியாவ் அம்மாவுக்கு போன் போட்டேன்.

லியாவ் அம்மா ஐம்பது வயதுக்காரி, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் குழாய்த் துண்டுகளைக் கட்டிக்கொண்டு வந்தாள். என் பெயரைக் கேட்டதும், ஜின்-ஷுய்யா, அப்படின்னா தங்கத் தண்ணி, நல்லாத்தான் பேரு வச்சிருக்காங்க, எந்தத் தண்ணின்னு பாத்துருவோம் என்று சிரித்தாள். ஒரு புட்டிச் சிவப்புச் சாயத்தைக் கழிப்பறையில் ஊற்றி மூன்று வாளி தண்ணீர் விட்டாள், பிறகு நாங்கள் மூன்று பேரும் கீழே சமையலறையில் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றோம். வெளியே மழை, எங்கோ ஒரு ஊதல். எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை, எனக்கு நின்றபடியே கண் சொருகியது, கூரை தூரத்து வானம் மாதிரி ஆகிவிட்டது. அப்போது கறையின் நடுவில் ஒரு இளஞ்சிவப்பு தெரிந்தது, மெல்ல மெல்லப் பரவிப் பென்சில் கோடு ஒவ்வொன்றாகத் தாண்டியது, விடிகிற மாதிரி அவ்வளவு அழகாக இருந்தது, என் வெட்கக்கேட்டைப் பார்த்து நான் அழகு என்று நினைத்தேன், யுன்-சி. அ-ஹூன் கூரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிமெண்ட் பூசியதை அப்போதுதான் சொன்னேன். எப்போ என்றாள். எட்டாம் மாசம் என்றேன். அப்ப நான் முதல்ல மேல வந்து கேட்டப்பவே உங்களுக்குத் தெரியும் என்றாள். தெரியும் என்றேன். அவள் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மழையென்றும் பார்க்காமல் வெளியே போய்விட்டாள்.

பலகைக் கூரையைப் பிரித்ததும் குழாய் வளைகிற இடத்தில் நீளமாக ஒரு விரிசல். அந்த வளைவை அறுத்தெடுத்துப் புதிதாகப் போட்டு, தொட்டியையும் மேலே சரியாக உட்காரவைக்க அரை நாள்தான் ஆயிற்று, நம் தரையில் ஒரு ஓடு கூட உடையவில்லை. அரை நாள் வேலைக்காக நான் நாலு மாதம் பொய் சொல்லியிருக்கிறேன். மறுநாளிலிருந்து கையுறை போட்டுக்கொண்டு கீழே போனேன். நனைந்த பலகையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, சுவர், அலமாரி, அடுப்பு மேடை எல்லாவற்றையும் ப்ளீச்சிங் போட்டு மூன்று தடவை கழுவினேன், புதுக் கூரைக்கு வெள்ளை அடித்தேன். அ-ஹூன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, அந்த மூலை, இந்த இடுக்கு என்று கையை மட்டும் காட்டினாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வியாழக்கிழமை மறுபடி கடை திறந்தாள். நான் வரிசையில் நின்றேன், என் முறை வந்தபோது மற்றவர்களுக்குப் போடுவது போலவே எண்ணிப் போட்டாள், ஒன்று கூடுதலும் இல்லை, ஒன்று குறைவும் இல்லை.

ஏன் மறைத்தீர்கள் என்று நீ கேட்பாய். புத்தாண்டுக்கு வந்தபோது படிக்கட்டில் என் மூச்சிரைப்பைப் பார்த்துவிட்டு, இந்த வீட்டுல இன்னும் ஒரே ஒரு ரிப்பேர் வரட்டும்ப்பா, வித்துட்டு உங்களை லிஃப்ட் இருக்கிற வீட்டுக்கு மாத்திடறேன் என்று சொன்னாய். நீ அன்பாகத்தான் சொன்னாய். நான் அந்த ஒரே ஒரு ரிப்பேரைத்தான் சிமெண்ட் போட்டு மூடினேன். இங்கிருந்து கிளம்ப எனக்குப் பயம். அந்தப் பயத்தை உன்னிடம் சொல்லியிருந்தால் போதும், கீழே ஒருத்தி பிழைப்பு கெட்டிருக்காது. இப்போது சொல்லிவிட்டேன். இனி விற்கலாம் என்று நீ பேச்செடுத்தால் தொண்டை கட்டிவிட்டது என்று போனை வைக்கமாட்டேன். உட்கார்ந்து கடைசி வரைக்கும் கேட்பேன், எனக்குப் பட்டதையும் சொல்வேன்.

உன் வீடும் பழைய மரவீடு, உன் ஊரிலும் ஓயாத மழை, அதனால் ஈரம் கண்டால் மழைதானே என்று விட்டுவிடாதே. நிலவறைச் சுவரில் கறை இருந்தால் அ-ஹூன் மாதிரி கோடு போட்டுப் பார். குழாய் விழுங்குகிற மாதிரி சத்தம் போட்டாலோ, காரணமில்லாமல் பூச்சி வந்தாலோ, வாசல் புல் ஒரே இடத்தில் மட்டும் செழித்தாலோ அன்றைக்கே ஆளைக் கூப்பிடு. புழங்காத வடிகாலில் வாரம் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்று, வாடை ஏறாது. பொரித்து மிஞ்சிய எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டாதே என்று மாப்பிள்ளையிடமும் சொல். அ-ஹூனுக்கு நீயே ஒரு கடிதம் எழுது, அப்பாவுக்காகப் பரிந்து ஒரு வரியும் எழுத வேண்டாம்.

நீங்கள் ரெண்டு பேரும் நல்ல உடம்போடும் நிம்மதியான மனசோடும் இருக்க வேண்டும் என்று காலையில் ஊதுபத்தி ஏற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். பாஸ்போர்ட் தேதியை ஒருதரம் எடுத்துப் பார்த்துக்கொள், போன தடவை மாதிரி கடைசி நேரத்தில் அலையாதே.

என்றும் உன் நினைவாக,
அப்பா
ஜியான் ஜின்-ஷுய்