பெல்லமி துரை கட்டிய கோயில்

1961 ஜனவரி 9

சரித்திர ஆசிரியை வேலை இப்போதைக்கு இல்லை என்று கான்வென்ட் மதர் சொல்லிவிட்டார். பி.ஏ. பட்டத்தில் குறை ஒன்றும் இல்லையாம், குறை குரலில். மாதிரி வகுப்பில் பானிப்பட்டுப் போரை முழுதாக நடத்தி முடித்தேன். இரண்டு படைகளும் மோதிய சத்தம் மூன்றாவது பெஞ்சுக்குப் போய்ச் சேரவில்லை.

"ஜூன்ல ஒருதடவை வாம்மா. அதுக்குள்ள வாய் தொறந்திருந்தா பார்ப்போம்."

அப்பாவிடம் எப்படிச் சொல்வது? எங்கள் குடும்பத்தின் முதல் பி.ஏ. என்று கொடைக்கானல் ஏழு ரோடு சந்திப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

ஜனவரி 12

அப்பா சமையல் வேலை பார்க்கும் ஹோட்டலில் இங்கிலாந்திலிருந்து ஒரு சினிமாக் கூட்டம் வந்து இறங்கியிருக்கிறது. சாமான் தூக்க, செட்டுப் போட, விளக்குப் பிடிக்க மெட்ராஸிலிருந்து இன்னொரு கூட்டம். இவர்கள் பேசுவது அவர்களுக்குப் புரியாது, அவர்கள் பேசுவது இவர்களுக்கு. அப்பா சூப்பை வைத்த கையோடு டைரக்டரிடம் சொல்லியிருக்கிறார்: "நம்ம மகள் பி.ஏ. சார். இங்கிலீஷ்ல நல்லாப் பேசும்."

இங்கிலீஷ் இருக்கட்டும். நான் தமிழிலேயே பேசுவதில்லை.

நாளையிலிருந்து நான் மொழிபெயர்ப்பாளராம்.

ஜனவரி 14

டைரக்டர் பெயர் பெல்லமி. ஆறடி உயரம், முகம் எப்போதும் சிவப்பு. கப்பலேறி இந்தியாவைப் படம் பிடிக்க வந்தவருக்கு ஏமாற்றம். பேரிக்காய் மரம், ஓட்டு பங்களா, ஏரியில் படகு. "இது எங்கள் அத்தை வீடு மாதிரி இருக்கிறதே" என்றார். ஆகவே கொடைக்கானலை இந்தியாவாக மாற்றும் வேலை தொடங்கிவிட்டது. பூம்பாறை போகும் வழியில் ஒரு மேட்டைப் பிடித்திருக்கிறார்கள். மலைக்குக் கீழே கன்னிவாடியிலிருந்து லாரியில் வாழை மரம் வந்தது. முதல் ராத்திரிப் பனியிலேயே கருகிவிட்டது. இப்போது துணியில் இலை வெட்டிப் பச்சை அடிக்கிறார்கள்.

ஜனவரி 17

கதைப்படி கொளுத்தும் வெயில். கிளாவரை கிராமத்திலிருந்து கூட்டக் காட்சிக்காக வந்த ஆட்களின் கம்பளியை உருவிவிட்டு, வேர்வை தெரிய உடம்பில் தண்ணீர் தெளித்தார்கள். காலையில் புல்லெல்லாம் உறைபனி. எல்லார் பல்லும் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. இந்தியர்கள் ஏன் வெயிலில் நடுங்குகிறார்கள் என்று பெல்லமி என்னிடம் கேட்டார்.

கந்தம்மாள் என்ற அக்காவும் என்னிடம் ஒன்று கேட்டாள்: "ஏம் பாப்பா, இந்த வெள்ளைக்காரனுக்கு ஒறைக்கவே ஒறைக்காதா?"



ஜனவரி 20

மொழிபெயர்ப்பு எனக்கு இவ்வளவு சுலபமாக வரும் என்று நினைக்கவில்லை. என் குரல் சன்னம் என்பதால் ஒவ்வொருவரும் குனிந்து காதைக் கொடுக்கிறார்கள், சர்ச்சில் பாவசங்கீர்த்தனக் கூண்டில் பாவம் கேட்கும் சாமியார் கொடுப்பது போல. ஒருவர் காதில் போவது மற்றவருக்குத் தெரியாது.

இன்று சேனாதிபதி செய்த தூண் சாய்ந்துவிட்டது. இவர் செட்டில் சிலை, தூண் எல்லாம் பிளாஸ்டரில் வார்க்கும் மேஸ்திரி. மெட்ராஸில் பேர் போனவர். பேச்சு மட்டும் இன்னும் திண்டுக்கல்லை விட்டுப் போகவில்லை.

பெல்லமி சொன்னது: "இந்த ஆளுக்கு மூளை என்று ஏதாவது இருக்கிறதா, கேள்."

நான் சொன்னது: "உங்க வேலையைப் பார்த்து துரை ஆச்சரியப்படுறாருங்க."

சேனாதிபதி சொன்னது: "மூணு நாள் வெச்ச தயிரு மாதிரி மூஞ்சியப் பாரு. ஆச்சரியம் வேறயா?"

நான் சொன்னது: "மிக்க நன்றி என்கிறார், சார்."

இரண்டு பேருமே மற்றவரைப் பெருந்தன்மைக்காரர் என்று நம்புகிறார்கள். ஒருவரும் கத்தவில்லை. கத்தாத இடத்தில்தான் என்னால் நிற்க முடியும்.

ஜனவரி 24

மேட்டின் மேல் கோயில் எழும்பிவிட்டது. உள்ளே எட்டுக் கை அம்மன், ஆள் உயரத்துக்கு மேலே. கதையில் கலகக்காரர்கள் இதை வெடி வைத்துத் தகர்க்க வேண்டும். துரைமகன் பாய்ந்து வந்து துரைமகளைக் காப்பாற்ற வேண்டும். அம்மனை யாரும் காப்பாற்றுவதாகக் கதையில் இல்லை.

எல்லாம் சரி, அம்மனுக்குக் கண் இல்லை. கண் இருக்கும் இடம் முட்டை ஓடு போல வெறுமையாக இருந்தது. ஏன் என்றார் பெல்லமி.

சேனாதிபதி என் பக்கம் திரும்பினார். "ஒடைக்கப்போற சாமிக்கு நாங்க கண்ணு வெக்கிறதில்லம்மா. கண்ணத் தொறக்காத வரைக்கும் அது பொம்மை. தொறந்துட்டா சாமி. அப்புறம் எவன் அது மேல கை வெப்பான்? வெவரமா எடுத்துச் சொல்லிப்புடுங்க."

விவரமாக என்றால் இங்கிலீஷில் நான்கைந்து வாக்கியம், அந்தச் சிவந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே.

"இன்னும் காயவில்லை, சார்" என்றேன்.

ஜனவரி 25

காய்ந்ததா என்று கேட்டார். ஈரம் என்றேன். இந்த ஊரில் எதுவும் காய்வதில்லை என்பதால் நம்பிவிட்டார்.

ஜனவரி 27



பெல்லமி வெள்ளனே எழுந்து போய், தொட்டுப் பார்த்து, காய்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு, கறுப்புப் பெயின்டை எடுத்துத் தன் கையாலேயே அம்மனுக்குக் கண் எழுதிவிட்டார். ஒரு கண் கொஞ்சம் பெரிது. அதனால்தானோ என்னவோ, எங்கே நின்றாலும் நம்மையே பார்க்கிறது.

லைட் ஆட்கள் வந்தார்கள். பார்த்தார்கள். ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றினார்கள். கந்தம்மாள் குலவை விட்டாள். எங்கிருந்தோ சூடம் வந்தது.

முகத்தை நெருக்கத்தில் படம் பிடித்து முடித்தார் பெல்லமி. "அருமை. இனி வெடியை வையுங்கள்" என்றார். ஒருவரும் அசையவில்லை. சேனாதிபதி என்னைப் பார்த்தார். பெல்லமியும் என்னைத்தான் பார்த்தார். அம்மனும்.

காற்று அப்படி அடித்தது. பக்கத்தில் ஜெனரேட்டர் இரைச்சல். நான் முணுமுணுத்தது எனக்கே கேட்கவில்லை. "என்ன? என்ன?" என்று இரண்டு பக்கமும். என்ன செய்யறது நான்? கேமரா மேடை மேல ஏறிட்டேன். எப்படி ஏறினேன்னே தெரியல. கத்தினேன். முதலில் இங்கிலீஷில்: கண் வைக்கக் கூடாது என்று இவர் அன்றைக்கே சொன்னார், காயவில்லை என்றது என் பொய். அப்புறம் அதையே தமிழில்.

பெல்லமி, "நீ போகலாம்" என்றார்.

வேலை போச்சு. மதர் காதுக்குப் போனால் ஜூனும் போச்சு. ஒற்றையடிப் பாதையில் பாதி தூரம் இறங்கியிருப்பேன். பின்னால் பெல்லமி கையை ஆட்டி ஆட்டி ஏதோ விளக்குவதும், எல்லாரும் அதை ஒரு நடனம் போல மரியாதையாகப் பார்ப்பதும் தெரிந்தது. ஆள் அனுப்பி என்னைத் திரும்பக் கூப்பிட்டார்.

சேனாதிபதிதான் முதலில் கேட்டார். "ஏம்மா, அப்ப அன்னைக்கு ஆச்சரியப்பட்டாருன்னீங்களே?"

"மூளை இருக்கான்னு கேட்டாருங்க."

"தயிருன்னேனே, அதை என்னன்னு சொன்னீங்க?"

"நன்றின்னு."

அவர் மேட்டிலேயே உட்கார்ந்து சிரித்தார். என்ன என்று கேட்ட பெல்லமிக்குத் தயிரை உள்ளபடி மொழிபெயர்த்தேன். அந்த முகம் அதற்கு மேலும் சிவக்க முடியும் என்பதை இன்றுதான் பார்த்தேன். பிறகு, "மூன்று நாளா?" என்று மட்டும் கேட்டார்.

தினமும் வாயை மூடிக்கொண்டு நிற்பவளுக்குப் பார்ப்பதுதானே வேலை. வெடிக் காட்சிக்குக் கேமரா கோயிலுக்குப் பின்பக்கச் சரிவில் நிற்கப்போகிறது. அங்கிருந்து அம்மனின் முதுகுதான் தெரியும். அதைச் சொன்னேன், இரண்டு மொழியிலும், மறுபடி மேடை மேல் ஏறி.

"முதுகுக்கு எதுக்குக் கண்ணு? முதுகு மட்டும் வார்த்துத் தர்றேன்னு சொல்லுங்க" என்றார் சேனாதிபதி.

சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல்.

ஜனவரி 28

அம்மனை ஆட்கள் தோளில் தூக்கி மேட்டடியில் ஒரு நாவல் மரத்துக்குக் கீழே இறக்கினார்கள். குலவை, சூடம் எல்லாம் உண்டு. படத்தில் இல்லாத ஊர்வலம். பெல்லமி கேமராவைத் திருப்பச் சொன்னார். அதற்குள் ஊர்வலம் முடிந்துவிட்டது.

ஜனவரி 31

முதுகு வெடித்தது. துரைமகள் காப்பாற்றப்பட்டாள்.

பிப்ரவரி 3

போய்விட்டார்கள். துணி வாழையிலைகளைக் கிளாவரை ஆட்கள் கொட்டகைக்குக் கூரையாகப் போட எடுத்துப் போனார்கள். பெல்லமி கிளம்பும்போது நாவல் மரத்தடிக்குப் போய் நின்றார். கந்தம்மாள் அவரைத் தடுத்து நிறுத்தி, "கண்ணு வெச்சவரு செருப்போட வரலாமா?" என்றாள். மொழிபெயர்த்தேன். குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். அதற்கு வெகு நேரமானது.

சேனாதிபதி என்னிடம், "வர்றேன் பாப்பா. இனி எவன் தயிருன்னாலும் தயிருன்னே சொல்லுங்க" என்றார்.

மார்ச் 19

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வரும்போது பஜாரில் கந்தம்மாளைப் பார்த்தேன். நாவல் மரத்தடியில் செவ்வாய்க்கிழமை கூட்டமாம். அம்மன் பெயர் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "பெரியகண்ணு" என்றாள். இங்கிலாந்தில் இருக்கும் பெல்லமிக்குத் தன் சாதனை இன்னதென்று தெரிய வாய்ப்பில்லை.

ஜூன் 5

மதர் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். அதே பானிப்பட்டு. யானைகள் கிளம்பிவிட்டன, பாபர் இன்னும் பீரங்கிப் பக்கம் வரவில்லை. மதர் கையை உயர்த்தினார்.

"நாளைக்கு எட்டரைக்கு வந்துரு. இப்ப கொஞ்சம் மெதுவாப் பேசும்மா, கீழ சேப்பல்ல ஜெபம் நடக்குது."