ஆலை வாசலில் அத்தான்

அன்பு அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் ஆசை. உன் வீட்டு நலத்தைக் கெடுத்தவனே நான் என்கிறபோது அப்படி எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லியிருக்கலாம். நீ "சொல்லுடா" என்றதும் வெயிலையும் மழையையும் பேசிவிட்டு வைத்துவிடுவேன்.

இங்கே உன் மருமகள் சைக்கிள் பழகுகிறாள். முழங்கால் இரண்டிலும் தோல் இல்லை, ஆனால் வாய்க்கு மட்டும் குறைவில்லை. ஆலை வாசலில் சரக்கு பார்க்கிற வேலை நெட்டி முறிக்கிறது. சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் தக்காளி வாடை போவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தக்காளி ஏற்றி வந்த லாரி ஆலையிலிருந்து திரும்பியதும் அத்தான் உன்னிடம் சரக்கு தேறவில்லை என்று மட்டும் சொல்லியிருப்பார். தேறாது என்று சொன்ன ஆள் நான்தான் என்பதைச் சொல்லியிருக்க மாட்டார். அவர் குணம் உனக்குத் தெரியும்.

போன தடவை நான் உங்கள் வீட்டுக்கு வந்தபோது அவர் நல்ல உற்சாகத்தில் இருந்தார், நினைவிருக்கிறதா? "நான் விளைய வைக்கிறேன், மாப்ள ஆலையில அரைக்கிறான், உன் தங்கச்சி சின்னவ ஆபீஸ்ல உக்காந்து போன்ல பேசுறா. விவசாயம், தொழில், சேவைன்னு பாடப் புத்தகத்துல இருந்த மொத்த நாடும் நம்ம வீட்டுலயே இருக்கு" என்றார். அப்போ நான் யாரு என்று நீ கேட்டதற்கு, "நீதான் அரசாங்கம். எல்லார்கிட்டயும் வாங்கி வெச்சுக்கிட்டு கணக்கு மட்டும் சொல்லமாட்ட" என்றார். அந்தச் சிரிப்பில் என் வாயும் சும்மா இருக்கவில்லை. எல்லோரும் நல்ல பழத்தை மேலே அடுக்கி ஏமாற்றுகிறார்கள், அதனால் நாங்கள் அடிக் கூடையைத்தான் முதலில் இழுத்துப் பார்ப்போம் என்று பெருமையடித்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கத்தியது நான், கெட்டது அத்தான்.

மாப்ள பார்க்கிற சரக்கு, அவனுக்குத் தலைகுனிவு வரக்கூடாது என்று நினைத்திருக்கிறார். தோட்டத்திலேயே நன்றாகக் கனிந்ததையெல்லாம் பொறுக்கி அடிக் கூடைகளில் வைத்துவிட்டார். கனிந்த பழம் மேலே இருக்கிற பாரத்தைத் தாங்குமா? லாரி வாசலில் நிற்கும்போதே பலகை இடுக்கில் சாறு ஒழுகியது. நான் இழுத்த கூடையில் பாதி கூழ்.

அதிகாரி என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். சொந்தக்காரர் சரக்கு வந்தால் சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும் என்பது ஆலை விதி. சொன்னால் சலுகை காட்டுவதாகச் சந்தேகப்படுவார்களோ என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அன்றும் அதே பயம். வழக்கமாக நடுக் கூடையையும் பார்ப்போம், அதைக்கூடப் பார்க்கவில்லை. அத்தான் என்னைக் கண்டதும் சிரித்தபடி கிட்டே வந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல், "ஏங்க, வண்டியை ஓரமா எடுங்க, இது தேறாது" என்றேன்.

ஏங்க என்றேன், அக்கா. எனக்குச் சைக்கிள் பழக்கிவிட்ட மனிதரை. அவர் கொஞ்சம் நின்றார். பக்கத்தில் இருந்த அதிகாரியைப் பார்த்தார். பிறகு, "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

நேற்று சின்னவள் வந்திருந்தாள். அவள் ஆபீஸில் இப்போது கிடங்கு கட்ட நிலம் வாங்குகிறவர்களுக்காகப் போன் எடுக்கிறார்கள். அத்தான் கூப்பிட்டிருக்கிறார், எடுத்தது இவள். அங்கே சொந்தப் பெயரைச் சொல்லக்கூடாது, பேசுவதெல்லாம் பதிவாகும். குரல் தெரியாமல் அவளை மேடம் மேடம் என்றாராம். தோட்டத்தைக் கொடுக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாராம். இவளும் சார் சார் என்று பதில் சொல்லிவிட்டு, கழிவறைக்குள் போய் அழுதிருக்கிறாள். அடுத்த வாரம் அளக்க ஆள் வருவார்கள். உன்னிடம் சொன்னாரோ இல்லையோ.

இன்று காலை அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தால், "அன்னைக்கே சொல்லியிருந்தா வேற ஆளை விட்டுப் பார்த்திருப்போம். நசுங்கினதைக் கழிச்சுட்டு மிச்சத்தை எடுத்திருக்கலாமேப்பா" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

கிடங்குக்குக் கொடுப்பதுதான் நல்லது என்று அத்தானே மனதாரத் தீர்மானித்தால் அதில் குறுக்கே நிற்க நான் யார்? ஆனால் என் ஒரு சொல்லுக்காக அவர் தோட்டத்தை விட வேண்டாம். இந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டு. அளக்க வருகிறவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லட்டும். அடுத்த பறிப்பில் ஒரு லாரி அனுப்பட்டும், கனிந்ததை மேலே வைத்து. இனி அவர் சரக்கை வேறொருவர்தான் பார்ப்பார். நான் வாசலில் நின்று, எத்தனை அதிகாரி இருந்தாலும், தெருவுக்கே கேட்கும்படி "வாங்க அத்தான்" என்று கூப்பிடுவேன். தேறினால் சந்தோஷம். தேறாவிட்டால் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, அதே லாரியில் உன் வீட்டுக்கு வருவேன். கதவைச் சாத்திவிடாதே.

இப்படிக்கு,
உன் தம்பி,
அவர் இன்னும் அப்படிக் கூப்பிடுவதானால், அத்தானின் மாப்ள.