நிலாவில் கரித்தூள்

மைசூர், ஆகஸ்ட் 1969

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நிலாவில் மனிதர் பதித்த காலடிப் படம் பேப்பரில் வந்தது. ஊதுபத்திப் பட்டறையில் எல்லாரும் பார்த்தோம்.

“தண்ணியில்லாத மண்ணுல அச்சு நிக்குமா? எல்லாம் சுள்ளு, பொய்!” என்று பசம்மா அக்கா சிரித்தார்.

எனக்கோ அது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசை. நிலா மண் கரித்தூள் போல மெல்லியது என்று போட்டிருந்தது. தினமும் கரித்தூள் சலிப்பவள் நான்தானே! பேசக் கூச்சப்பட்டு, சலித்த குவியலில் காலை அழுத்தி எடுத்தேன். ஐந்து விரலும் அப்படியே பதிந்திருந்தன.

“அடிப்பாவி, நிலாவ இங்கயே கொண்டாந்துட்டியே!” என்றார் அக்கா. மேஸ்திரி திட்டி, மறுபடி சலிக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

அங்கே காற்றில்லாததால் அந்த அடி கலையாதாம். என்ன அதிசயம், அம்மா!

தங்கையின் காலைச் சாம்பலில் தோய்த்துத் தாளில் பதித்து அனுப்புங்கள். செருப்பு வாங்க அளவு வேண்டும். மடிக்காதீர்கள், விரல்கள் கலைந்துவிடும். மேஸ்திரி கூப்பிடுகிறார்.

உங்கள் மகள்,
தெய்வானை