சனிக்கிழமைச் சங்கு

அன்புள்ள மகன் ரஸலுக்கு,

அம்மா எழுதுவது. அலாஸ்கா எண்ணெய்க் கிணற்றில், அந்தக் குளிரில், நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் சுகமா என்பதை இந்தக் கடிதம் முடியும்போதுதான் சொல்ல முடியும். நம் வீட்டுப் புயல் நிலவறைக்குள் உட்கார்ந்து, ஊறுகாய் ஜாடிகளுக்கு அடியில் விரித்திருந்த தாளை உருவி எழுதுகிறேன். எதிரே உன் மனைவி கோரின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பயப்படாதே என்று எழுத ஆசைதான். பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை.

சனிக்கிழமை நண்பகலானால் தீயணைப்பு நிலையத்தில் அபாயச் சங்கை ஊதிச் சோதித்துப் பார்ப்பார்கள். ஓக்லஹோமாவில் பிறந்த யாரும் அதற்குத் தலை தூக்க மாட்டார்கள், நம் நாய் உட்பட. இன்றும் ஊதியது. நான் பாட்டுக்குச் சோள ரொட்டிக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்தேன். கோரின் வந்து, "அத்தை, வானம் பச்சையா இருக்கு, சுழல்காத்து வரப்போகுது. வாங்க, உள்ள போயிரலாம்" என்றாள். "கடலோரத்து ஓரிகன்காரிக்கு எதப் பாத்தாலும் புயல்தான். இது சனிக்கிழமைச் சங்கும்மா" என்றேன். "இன்னிக்கு சனிக்கிழமைன்னு காத்துக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, நிறைமாத வயிற்றோடு என்னைத் தரதரவென்று இழுத்துவந்தாள். கதவைச் சாத்தியதும் தலைக்கு மேலே என்னென்னவோ உருண்டது. எனக்குக் காது அடைத்துவிட்டது.

சத்தம் நின்ற பிறகு கதவைத் தள்ளிப் பார்த்தோம். விரலிடை அளவுதான் திறக்கிறது. உன் அப்பா நட்ட பீக்கன் கொட்டை மரம் அதன் மேல் விழுந்து கிடக்கிறது. அந்த இடுக்கில் நம் சமையலறைக் கூரை தெரிய வேண்டும். கிளைகளுக்கு நடுவே வானம்தான் தெரிகிறது. கோரினிடம் இதை நான் சொல்லவில்லை.

ஏனென்றால் அவளுக்கு வலி தொடங்கிவிட்டது. பேச்சுக் கொடுத்தாலாவது தேவலை என்று நம் மாநிலத்தின் கதையை ஆரம்பித்தேன். மேற்கே கைப்பிடி மாதிரி நீண்டு கிடக்கும் வறண்ட மேட்டு நிலம், கிழக்கே பைன் மரக் குன்றுகள், எத்தனை துவைத்தாலும் துணியை விட்டுப் போகாத செம்மண், எல்லாம் சொன்னேன். உப்புச் சமவெளிக்கு மண்வெட்டியோடு போய்ப் படிகக் கல் தோண்டலாம், தெற்குக் குன்றுகளில் காட்டெருமை ரோட்டை மறித்தால் அதற்கு மனசு வரும்வரை நாம் காத்திருக்க வேண்டும் என்றேன். முதலில் குச்சி நடுபவருக்கே நிலம் என்று அரசாங்கம் அறிவித்த நாளில், துப்பாக்கி வெடித்ததும் நம் முன்னோர் குதிரையில் பாய்ந்து வந்து இந்த நிலத்தில் குச்சி நட்டதையும் சொன்னேன். "கிழக்கேருந்து வெரட்டிக் கொண்டாந்து குடிவச்ச பழங்குடிங்ககிட்டேருந்து மறுபடி புடுங்குன நெலந்தானே அத்தை? அதையும் சேத்துச் சொல்லுங்க" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டே. சேர்த்துத்தான் சொன்னேன்.

கோடையில் வெந்து சாகிறோம், குளிர்காலத்தில் பனிக்கட்டி மின்கம்பியை அறுக்கிறது, வசந்தம் வந்தால் இந்தக் காற்று என்று தட்பவெப்பத்துக்கு வந்தேன். "இதுல ஒண்ணுகூட நல்ல சேதி இல்லையே அத்தை" என்று சிரித்தாள். புழுதிப் புயல் அடித்த வருடங்களில் ஊரே கலிபோர்னியாவுக்குக் கிளம்பியபோதும் நம் குடும்பம் நகரவில்லை என்று பெருமையாகச் சொன்னேன். "ஏன் நகரல?" என்று கேட்டாள். இத்தனை வயதில் என்னை யாரும் அதைக் கேட்டதில்லை, ரஸல்.

எனக்கு உண்மையான பயம் வேறு. புயலுக்குப் பிறகு யாரை எங்கே தோண்டித் தேடுவது என்று தெரிந்துகொள்ள, யார் வீட்டில் நிலவறை இருக்கிறது என்று தீயணைப்பு நிலையத்து ஆர்லிஸ் முன்பு ஒருமுறை கேட்டு வந்தார். என் வீட்டுப் பள்ளம் ஊருக்கெல்லாம் எதற்கு என்று அவரை வாசலோடு அனுப்பியவள் நான்தான். இதைக் கோரினிடம் சொல்லி அழுதுவிட்டேன். அவள் என் கையைப் பிடித்து, "அழாதீங்க. நீங்க தொரத்துன அன்னிக்கே அவர் பின்னாடி போயி சொல்லிட்டேன். பீக்கன் மரத்துக்கு மேக்கால ஒரு பொந்து இருக்கு, உள்ள ஒரு பிடிவாதக்காரி இருப்பாங்கன்னு" என்றாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவள் கையை நான் விடவில்லை.

ஆனாலும் இன்னும் யாரும் வரவில்லை. விளக்கில் எண்ணெய் குறைகிறது. வலி நெருங்கி நெருங்கி வருகிறது. பிரசவம் பார்த்துப் பழக்கமில்லாதவள் நான். கன்றுக்குட்டிகளை இழுத்திருக்கிறேன், அவ்வளவுதான். அதை அவளிடம் சொன்னால் அடிப்பாள்.

இரு. மரம் அறுக்கும் இயந்திரச் சத்தம் கேட்கிறது. தூரத்தில்தான், ஆனால் கேட்கிறது. கோரின் ஜாடியால் கதவை அடிக்கிறாள். நானும் போக வேண்டும்.

கிடைக்கிற விமானத்தில் வந்து சேர். பிள்ளை பிறந்ததும் ஓரிகனுக்கே போய்விடுவேன் என்று அவள் போன வாரம் என்னிடம் சொன்னாள். உனக்கு நான் எழுதவில்லை. அவளைத் தடுக்காதே. அவள் அம்மா வீட்டில் எனக்கும் ஒரு சின்ன அறை மிச்சம் இருக்குமா, கடல் தெரியாத பக்கமாக இருந்தாலும் பரவாயில்லை, என்று மட்டும் கேட்டுப் பார். நானாகக் கேட்க மாட்டேன் என்பது உனக்கே தெரியும்.

நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
வெர்னா