ஒரு சொல்லுக்கு விட்ட நாய்

மச்சான்,

இதெல்லாம் இப்படித்தான் வந்து நிற்கும் என்று நான் முன்கூட்டியே சொன்னவன். நீ கண்ணை மூடினால் நாய்ப்போட்டி நடுவர் வேலை என் தலையில்தான் விழும், உன் சீசரே ஒரு நாள் என் முன்னால் புள்ளிக்கு வந்து நிற்கும் என்று சொன்னேனா இல்லையா? நீதான் சிரித்தாய். இன்று மத்தியானம் உன் மனைவி கொடுத்தனுப்பிய கணவாய்க் கறியின் மூடியைத் திறந்தேன். போட்டி முடிந்த நாட்களில் உன் வீட்டுக் குசினியிலிருந்து வருமே, அதே மணம். சீசர் பாஸ் பண்ணியதற்கு எனக்கு நன்றியாம். மூடியைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

நீ அறியாததைச் சொல்கிறேன். நீ போன இரண்டாம் மாதம், காஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைச் சீசர் கவ்விக்கொண்டது. உன் மனைவி கத்தக் கத்த விடவில்லை. நான் உப்புவெளியிலிருந்து சைக்கிளில் ஐந்தே நிமிடத்தில் பறந்து வந்து, சரி, இருபது நிமிடம், கழுத்துப் பட்டியைப் பிடித்துத் திருப்பிய பிறகுதான் விட்டது. கொழும்பில் இருக்கும் உன் மகன் அன்றே சொல்லிவிட்டான்: "அம்மா, நாயை ஆருக்கும் குடுங்கோ. இல்லாட்டி பிள்ளையை அங்க கூட்டிக்கொண்டு வரமாட்டன்."

உன் பேத்திக்கு இப்போது மூன்று வயது. உன் மனைவியோ, "அவர் வளர்த்தது, நான் குடுக்கமாட்டன்" என்று ஒரே பிடி. கடைசியில் பெரிய மனிதனாக நான் நடுவில் புகுந்தேன்.

"தம்பி, போட்டியில அம்மான்ர சொல்லுக்கு விட்டுதெண்டால் வைச்சிருக்கட்டும். விடாட்டி நானே வேற இடம் பார்க்கிறன்."

"நீங்கள் சொன்னால் சரி மாமா."

அந்த நம்பிக்கைதான் இப்போது என்னைத் தின்கிறது.

நம்முடைய போட்டியை நாய்ச்சண்டை என்று நினைத்துப் பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர்! துறைமுக வாசலில் காவல் நாய்களோடு வேலை செய்த நீதான் அதைத் தொடங்கினாய். கையில் சாக்குச் சுற்றிக்கொண்டு முதன்முதல் நாய்க்கு முன்னால் ஓடியவன் நான். அன்று நான் போட்ட சத்தம் கொட்டியாரக்குடா முழுவதும் கேட்டது. எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் நாயின் வாயைப் படிக்க இந்த மாவட்டத்தில் என்னை விட்டால் ஆள் இல்லை. கொழும்பிலிருந்துகூட ஒரு பெரியவர் என்னைத் தேடி வந்தார். வந்து கேட்டது பஸ் ஸ்டாண்டுக்கு வழிதான், அது வேறு கதை.

"பாயிறதுக்குக் கை தட்டுறது சனத்தின்ர வேலை. விடுறதைப் பார்க்கிறதுதான் எங்கட வேலை" என்பாய். நாய் சாக்குக் கையைக் கவ்வும். ஆள் அசையாமல் நிற்பான். வளர்ப்பவர் ஒரே ஒரு தரம் "விடு" என்பார். அந்த ஒரு சொல்லுக்கு வாய் கழன்றால் பாஸ். இரண்டாவது சொல் தேவைப்பட்டால் வெளியே. என் நாய் டொமியை நீ அப்படித்தான், அத்தனை சனத்துக்கு முன்னால், கையைத் தூக்கி வெளியே அனுப்பினாய்.

"டேய், நானடா! முப்பது வருசமாய் உன்னோட திரியிறவன்!"

"புள்ளி உனக்கில்லை மச்சான். நாளைக்கு இந்த நாய்க்குப் பக்கத்தில நிக்கிறவனுக்கு."

மூன்று மாதம் உன்னோடு நான் கதைக்கவில்லை. உன் சொல் மட்டும் அந்த மூன்று மாதமும் என்னோடு கதைத்தது.

போன ஞாயிறு மைதானத்தில் கச்சான் காற்று மண்ணை வாரி அடித்தது. போதாததற்கு உள்துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதிக்கொண்டிருந்தது. சாக்குக் கை போட்டிருந்தவன் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு தச்சன். சீசர் பாய்ந்த பாய்ச்சல் இருக்கிறதே, தென்னை உயரம்! வாய் நிறையக் கவ்வியது. தச்சன் சிலையாக நின்றான். உன் மனைவி ஒரு தரம் "விடு" என்றார். வாய் கழன்றது, குந்தியது. நான் முழுப் புள்ளி போட்டேன். அதன் மேலேயே இன்னொரு தரம் அழுத்தி எழுதினேன். மை காணாது, வேறொன்றும் இல்லை.

தச்சன் சாக்குக் கையைக் கழற்றிக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றான்.

"காத்து பலம்தான் அண்ணன் இண்டைக்கு."

"ஓம் ஓம், பலம்" என்றேன், அவன் முகத்தைப் பார்க்காமல்.

அன்றிலிருந்து மாலையானால் சாக்குக் கையோடு உன் வீட்டு முற்றத்தில் நிற்கிறேன். உன் மனைவி சிரிக்கிறார். "பாஸ் பண்ணின பிறகும் என்ன அண்ணை டியூசன்?"

"பெரிய நடுவரெண்டால் அப்பிடித்தான் தங்கச்சி. நீங்கள் சொல்லுங்கோ, விடு எண்டு."

நேற்று மாலை அங்கே நிற்கும்போதுதான் உன் மகனின் போன் வந்தது. சனிக்கிழமை வருகிறார்களாம். பேத்தியின் குரல் வெளியே எனக்கே கேட்டது: "அப்பம்மா, நாய் என்னோட விளையாடுமோ?" உன் மனைவி, "விளையாடும் செல்லம், அப்பான்ர மாமா பார்த்துச் சொன்னவர்" என்றார். இப்போது எந்தப் போன் அடித்தாலும் அந்தப் பிள்ளைக்கு ஏதோ நடந்துவிட்டது என்றுதான் ஓடிப்போய் எடுக்கிறேன். பிள்ளை இன்னும் கொழும்பை விட்டே புறப்படவில்லை.

இன்று வியாழன். நாளை இரவு அவர்கள் பஸ் ஏறுமுன் உன் மகனோடும் உன் மனைவியோடும் கதைக்க வேண்டும். கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் காற்று, கப்பல், என் காது என்று எதையாவது சேர்த்துவிடுகிறேன். ஒரு கதையை மொட்டையாகச் சொல்ல எனக்கு ஏலாது என்பது உனக்குத் தெரியும். அதனால் முதலில் உன்னிடம் சொல்லிப் பழகுகிறேன்.

இன்று மாலையும் முதல் சொல்லுக்குச் சீசர் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அசையவில்லை. உன் மனைவி இரண்டு தரம் சொன்னார், மச்சான். முதலாவது எனக்குத் தெளிவாகக் கேட்டது.